மூன்றாம் மாடியில் தூத்துக்குடி வெயில்

ஸ்வீடன் நாட்டின் வடக்குக் கோடியில், டிசம்பர் மாதம் முழுக்கச் சூரியன் தலைகாட்டாத ஓர் ஊரில், மாணவர்களும் மற்றவர்களும் கலந்து குடியிருந்த ஒரு செங்கல் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், சுகிர்தா என்கிற பெண் தங்கியிருந்த அறைக்குள் ஒரு நாள் காலையில் தூத்துக்குடி வெயில் அடித்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, வானம் கறுத்துக் கிடந்தது. உள்ளே அவளுடைய கட்டில்மேலும், நாற்காலிமேலும், ஊருக்குப் போவதற்காகப் பாதி அடுக்கியிருந்த பெட்டிமேலும் சுள்ளென்று வெயில். நான் எதிர் அறைக்காரி. பெயர் கோகிலா, ஊர் ஈரோடு, ஆராய்ச்சிப் படிப்பு என்று வந்து அந்த இருட்டில் வருஷக்கணக்காக ஊறிக்கொண்டிருக்கிறவள், எதையும் லேசில் நம்பாதவள். நானே சொல்கிறேன், வெயில்தான்.

சுகிர்தா வந்தது ஆகஸ்டில். அப்போதெல்லாம் அந்த ஊரில் சூரியன் போகவே மனசில்லாமல் அடிவானத்திலேயே உட்கார்ந்திருக்கும். அவள் அதைப் படம் பிடித்துப் பிடித்துத் தன் அம்மாவுக்கு அனுப்பினாள், சலவை அறையில் இன்னொருவர் நேரத்தில் துணி போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள், ஆனாலும் சிரித்தாள், சுரங்கப் பொறியியல் படித்து முடித்துப் பெரிய ஆளாகி அம்மாவை விமானத்தில் கூட்டி வருவேன் என்று சமையலறையில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். செப்டம்பர் பகலைக் கொஞ்சம் நறுக்கியது, அக்டோபர் இன்னும் கொஞ்சம் நறுக்கியது, நவம்பர் கடைசியில் நறுக்குவதற்கு ஒன்றுமே மிச்சமில்லாமல் போனபோது சுகிர்தாவும் பாதியாகிப் போயிருந்தாள். சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு தட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். வகுப்புக்குப் போவதை விட்டாள், குளிப்பதை விட்டாள், பேசுவதையும் ஏறக்குறைய விட்டுவிட்டாள். ஒரு நாள், "கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போறேன்க்கா, திரும்பி வரமாட்டேன்," என்றாள். எனக்குப் பகீரென்றது, ஏனென்றால் அவள் அம்மாவைப் பற்றி அவளே எனக்குச் சொல்லியிருந்தாள்.

அம்மா பெயர் தங்கபுஷ்பம். அப்பா இல்லாத வீடு. மொட்டை மாடியில் பழைய சேலைகளை விரித்துக் கொத்தவரங்காய் வத்தலும் மோர்மிளகாயும் கூழ்வடகமும் காயப்போட்டு, கடைகடையாகக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்த வரும்படியில்தான் இந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடம், கல்லூரி, கடல் தாண்டி இந்தப் பனிப் பிரதேசம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். அந்தப் படிப்பு பாதியில் நிற்கப்போகிறது என்பதை அந்த அம்மாளிடம் யார் சொல்வது என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் வெயில் வந்தது.

அன்றைக்குக் காலையில் அவள் சமையலறைக்கு வரவில்லை என்று கதவைத் தட்டப்போனேன். கதவிடுக்கு வழியே வெளிச்சம் நடைபாதைவரை நீண்டு கிடந்தது. கதவைத் திறந்தவள் முகமெல்லாம் வியர்த்திருந்தது. "உள்ள வாங்கக்கா," என்றாள். "செருப்பைப் போட்டுட்டே வாங்க, தரை சுடுது."

தரை சுட்டது. ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கும்மிருட்டு, இந்தப் பக்கம் உச்சிப்பொழுது. நம் ஊரில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம், அந்த நேரத்து வெயில் மேலே கூரை இருப்பதைக் கொஞ்சமும் சட்டை பண்ணாமல் மேலிருந்து கீழே விழுந்துகொண்டிருந்தது. வெயில் மட்டும் வரவில்லை, அது விழுகிற இடத்து நிழல்களையும் கூடவே கூட்டி வந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உருண்டையாக ஒரு நிழல். "அது எங்க வீட்டுத் தண்ணி டேங்க்," என்றாள் சுகிர்தா. "மூடிமேல கல்லு தெரியுதா? காத்துல பறந்துரும்னு அம்மா வெச்சது." கதவுவரை நீண்ட ஒரு கோடு, துணிக்கொடி. அதன்மேல் வந்து உட்கார்ந்து கழுத்தைச் சாய்த்தது, காக்காய். நான் அண்ணாந்து பார்த்தேன். மேலே வெள்ளைச் சுண்ணாம்புக் கூரையும் ஒரு பல்பும்தான் இருந்தன. காக்காயின் நிழல் பறந்து என் காலைக் கடந்து சுவருக்குள் போனது.

அப்புறம் மேஜைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் நிழல் வந்தது. கொண்டை போட்ட நிழல், இடுப்பில் சேலையைத் தூக்கிச் செருகிய நிழல். குனிந்து எதையோ எடுத்து விரித்தது, நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டது, மறுபடி குனிந்தது. சுகிர்தா மண்டியிட்டு உட்கார்ந்து அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு போனை எடுத்து அழைத்தாள். தரையில் இருந்த நிழல் நிமிர்ந்தது, மடியில் துழாவியது, கையைக் காதுக்குக் கொண்டுபோனது.

"என்னட்டி, இந்நேரத்துல?" என்றது போன்.

"ம்மா, வலது கையத் தூக்கு."

"எதுக்கு?"

"தூக்கேன்."

நிழல் வலது கையைத் தூக்கியது. நான் சூடாக இருந்த அந்தக் கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பயமா என்றால் பயம் இல்லை. கோயில் கருவறையில் திரை விலகும்போது கை தானாகக் கூப்பிக்கொள்ளுமே, அந்த மாதிரி கூப்பிக்கொண்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சுகிர்தா அழுகையும் சிரிப்புமாக விஷயத்தைச் சொன்னாள்: நம்ம மாடி வெயில் இங்கே என் ரூமுக்குள்ளே அடிக்கும்மா, டேங்க் தெரியுதும்மா, நீ தெரியுறம்மா.

நிழல் அண்ணாந்து பார்த்தது. "அதான் பாத்தேன், காலையில இருந்து இங்க மப்பும் மந்தாரமுமா இருக்குதேன்னு," என்றாள் தங்கபுஷ்பம். "சரி, அடிக்கட்டும். நல்லா காஞ்சுக்கோ. டிக்கெட்டு எடுக்கப்போறேன்னு சொன்னியே?"

"பொறும்மா, பாப்போம்."

"பொறுமையா பாரு," என்றாள் அம்மா. அன்றைக்குச் சுகிர்தா பெட்டியில் அடுக்கியிருந்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள், என் சோற்றிலும் பங்கு கேட்டுச் சாப்பிட்டாள்.

இப்படி ஒன்று நம் ஊரில் நடந்திருந்தால் வாசலில் தேங்காய்க் கடை முளைத்திருக்கும். அந்த ஊர்க்காரர்கள் வேறு மாதிரி. முதலில் மேலே வந்தவள் பிர்கித்தா, கீழ்த்தளத்தில் இருக்கிற பஸ் ஓட்டுநர், சலவை அறைப் பலகைக்குக் காவல் தெய்வம். அந்தக் கட்டடத்தில் துணி துவைக்க வேண்டுமானால் பலகையில் உங்கள் பெயர் போட்ட சின்னப் பூட்டை நேரம் பார்த்து மாட்ட வேண்டும். அடுத்தவர் நேரத்தில் ஒரு கைக்குட்டை அலசினாலும் அது கொலைக்குற்றத்துக்கு ஒரு படி கீழே. அவள் கதவருகே நின்று, கையை மட்டும் நீட்டி, வெயிலில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, கண் மட்டும் கலங்கியிருந்தது.

"இதை யார் பதிவு செய்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

"யாரும் இல்லை," என்றாள் சுகிர்தா.

"அப்படியென்றால் அது முறையில்லை," என்றாள் பிர்கித்தா.

மறுநாள் சலவைப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை தொங்கியது, மேலே ஒரு சூரியன் வரைந்து. அதற்கப்புறம் வெயில் அந்தக் கட்டடத்தில் சலவை இயந்திரத்தைப் போலச் சகஜமாகிவிட்டது. நேரத்துக்குக் கதவைத் தட்டுவார்கள், காலுறையைக் கழற்றுவார்கள், நாற்காலியை வெயிலுக்குத் திருப்பிக் கண்ணை மூடி உட்காருவார்கள், நேரம் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து ஒரு தலையசைப்புக்கூடச் செய்யாத இரண்டாம் மாடி லென்னார்ட், தக்காளி நாற்றுத் தொட்டியைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து, டேங்க் நிழல் படாத இடமாகப் பார்த்து வைத்தார். எரித்திரியாவிலிருந்து வந்த செலாமின் கைக்குழந்தை, பிறந்ததிலிருந்து இப்படிச் சுடுகிற வெயிலைப் பார்க்காதது, காக்காய் நிழலைப் பிடிக்கத் தவழ்ந்து தவழ்ந்து முழங்கால் சிவந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து இயற்பியல் ஆசிரியர் ஒருவர் கருவிகளோடு வந்து அளந்தார், நெற்றியைச் சொறிந்தார், காப்பி குடித்தார், கடைசியில் பலகையில் செவ்வாய்க்கிழமைக்குத் தன் பூட்டை மாட்டிவிட்டுப் போனார். எல்லோர் போனிலும் தூத்துக்குடியின் வானிலை ஏறியிருந்தது, மாடிப்படியில் எதிர்ப்பட்டால், "வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு," என்று லென்னார்ட் பெருமூச்சு விடுவார், "நாளைக்கு மேகம்." தரையில் தங்கபுஷ்பத்தின் நிழல் வரும்போது, யாரும் சொல்லாமலே, எல்லோரும் காலை இழுத்து வழிவிட்டார்கள்.

ஆனால் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அந்த வெயில் இந்திய நேரத்துக்கு உதித்து இந்திய நேரத்துக்குச் சாய்ந்தது. இங்கே ஊர் முழுக்கத் தூங்கும்போது அவளுக்கு விடிந்தது, இங்கே மதியம் சாப்பிட்டுக் கைகழுவுவதற்குள் அவளுக்குப் பொழுது போனது. பொழுது போனதும் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவாள். அவளுடைய ஆய்வக வகுப்புகளெல்லாம் மதியத்துக்கு மேல்தான். ஜனவரியில் பரீட்சை, அதில் தேறாவிட்டால் இடம் போய்விடும். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். "ஏம்புள்ள, வெயில் வராம இருந்திருந்தா நீ ஊருக்காவது போய்ச் சேர்ந்திருப்ப. இப்ப ஊர்லயும் இல்ல, இங்கயும் இல்ல. வாசல்படியத் தாண்டி எத்தன நாளாச்சு?"

அவள் அம்மாவின் நிழல் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதன் கை இருக்கிற இடத்தில் தன் கையை வைத்திருந்தாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது நிழல்கள் மாறின. தங்கபுஷ்பத்தின் நிழல் குனிவது நின்றுபோனது. வரும், சும்மா நிற்கும், போய்விடும். அதற்குப் பதிலாக வேறு வேறு நிழல்கள் வர ஆரம்பித்தன. கால் நீட்டிப் படுக்கிற ஆண்கள், வரிசையாக உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிப் படிக்கிற பிள்ளைகள், மேஜை போட்டுத் துணி தேய்க்கிற ஒருவர். ஒரு நாள் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் பெண்கள் கூட்டமாக நின்று அவள் கையில் ஒவ்வொன்றாக எதையோ மாட்டினார்கள், வளைகாப்பு. பிர்கித்தாவும் செலாமும் அதைக் கண் கொட்டாமல் பார்த்து, வளையல்களின் நிழல் நெருங்கி அடுக்குவதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். சுகிர்தா மட்டும் முகம் சுருங்கி நின்றாள்.

"வத்தல் காயுற மாடியில இத்தன பேரு எப்படிக்கா உக்காருவாங்க?" என்றாள்.

அம்மாவை அழைத்தாள். "சும்மா காத்தாட வாராங்கட்டி," என்றாள் தங்கபுஷ்பம்.

"வத்தல எங்க காயப்போடுத?"

அம்மா பேச்சை மாற்றினாள். "ம்மா, வத்தல் எங்க?" என்று மறுபடியும் கேட்டதும், அந்தப் பக்கம் யாரோ போனைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக் கனகமணி அத்தை.

"நான் சொல்லுதேன் கேட்டுக்கோ. உன் ரூமுக்கு வெயில் வந்ததுல இருந்து இங்க உங்க மாடியில ஒரு பொட்டு வெயில் கெடையாது. பட்டப்பகல்ல பொழுதடஞ்ச மாதிரி கெடக்கு. போட்ட வடகமெல்லாம் பூசணம் பூத்துட்டு. உங்கம்மா என் மாடியில கொஞ்சம், அந்தோணி மாடியில கொஞ்சம்னு தட்டத் தூக்கிட்டு ஏறி எறங்கி முழங்கால் வீங்கிப்போய் நிக்கா. கடைக்காரன் வேற ஆளப் பாத்துக்கிட்டான். உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு தெருவுக்கே சத்தியம் வாங்கியிருக்கா. எனக்கு வாய் இருக்கமாட்டேங்கு, சொல்லிட்டேன்."

அந்தத் தெருவும் விஷயத்தைச் செரித்துக்கொண்டதை அப்புறம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். தகிக்கிற ஊரில் ஒரே ஒரு மாடிமேல் மட்டும் எந்நேரமும் குளுகுளுவென்று இருந்தால் விடுவார்களா? ஆட்டோக்காரர்கள் மதியத் தூக்கத்துக்கு அங்கே பாய் போட்டார்கள், டியூஷன் டீச்சர் பிள்ளைகளை மேலே ஏற்றினார், தேய்ப்புக்காரர் வண்டியைக் கீழே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு ஏறினார், வளைகாப்புக்குப் பந்தல் செலவு மிச்சம் என்று அதே தெருவில் இருந்த கல்யாணி வீட்டார் கேட்டு வாங்கினார்கள். படியேறி மேலே போனால் நிழல் காணாமல் போய்விடும், இறங்கினால் திரும்பி வந்து காலோடு ஒட்டிக்கொள்ளும்; பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதுமாக அதையே ஒரு விளையாட்டாக்கியிருந்தார்கள். தொலைந்த நிழல் எங்கே போகிறது என்று கேட்டால், "சுகிர்தா அக்காவைப் பாத்துட்டு வரப் போயிருக்கு," என்பார்களாம். தங்கபுஷ்பம் ஒருத்தியைத் தவிர அந்த இருட்டால் தெருவில் யாருக்கும் நஷ்டமில்லை.

சுகிர்தா போனை வைத்தாள். நேரே ஜன்னலுக்குப் போய் மேலே சுருட்டியிருந்த கறுப்புத் திரையின் கயிற்றைப் பிடித்தாள். அந்த ஊரில் எல்லா ஜன்னலிலும் அந்தத் திரை இருக்கும்; கோடையில் தூங்கவிடாத சூரியனைத் தடுக்க வைத்திருப்பது. கூரையை மதிக்காத இந்த வெயிலும் அதற்கு அடங்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான் கையைப் பிடித்தேன். "இரு. கீழ இருக்கறவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. அவங்களும் இதுலதான் உசுரு வச்சிருக்கறாங்க."

அன்று சமையலறையில் எல்லோரும் கூடினார்கள். காப்பி வந்தது, இனிப்பு பன் வந்தது, சுகிர்தா நடந்ததைச் சொன்னாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊர் மௌனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. பத்துப் பேர் சேர்ந்து மௌனமாக இருந்தால் குளிர்பதனப் பெட்டியின் இரைச்சல் லாரி போவது மாதிரி கேட்கும். லென்னார்ட் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். செலாம் குழந்தையின் தலையை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"உன் அம்மா எதை உலர்த்துகிறார்?" என்று கேட்டாள் பிர்கித்தா.

சுகிர்தா எழுந்து போய், அம்மா கொடுத்தனுப்பி இவள் தொடாமலே வைத்திருந்த பொட்டலத்தைப் பிரித்து, எண்ணெய் காயவைத்து, கொத்தவரங்காய் வத்தலையும் வடகத்தையும் பொரித்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் எடுத்துக் கடித்தார்கள். கொஞ்ச நேரம் அந்த அறையில் மொறுமொறு சத்தம் மட்டும் கேட்டது. பிர்கித்தா விரலை நக்கிவிட்டு, தட்டில் கிடந்த துணுக்கையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்: "அப்படியென்றால் இந்த வெயில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது."

லென்னார்ட் தலையசைத்தார். செலாம் தலையசைத்தாள். அதற்கு மேல் ஒரு விவாதமும் கிடையாது. அடுத்தவர் பதிவு செய்த நேரத்தில் கைவைப்பது அவர்களால் முடியாத காரியம்.

மறுநாள் காலை எல்லோரும் சுகிர்தாவின் கதவருகே வந்து நின்றார்கள். அவள் போனை மேஜைமேல் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, கயிற்றைப் பிடித்தாள். தரையில் அம்மாவின் நிழல் டேங்க் நிழலைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"வேண்டாம்ட்டி," என்றாள் தங்கபுஷ்பம். "உனக்கு இருட்டு ஆகாது. இத விட்டா நீ ஓடி வந்துருவ. நான் எப்படியும் பாத்துக்கிடுதேன், வெயில நீயே வெச்சுக்கோ."

"ம்மா, எறக்கப்போறேன்."

"படிப்பு போயிரும்ட்டி."

"எறக்குறேன்ம்மா."

திரை சரசரவென்று இறங்கியது. டேங்க் போனது, கொடி போனது, அம்மா போனாள், அறை இருண்டது. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத அந்த இருட்டில் போனிலிருந்து முதலில் காக்காய்ச் சத்தம் கேட்டது, பிறகு படுத்திருந்தவர்களெல்லாம் எழுந்து ஓடுகிற சத்தம், பிள்ளைகள் கத்துகிற சத்தம், அப்புறம் தங்கபுஷ்பத்தின் குரல். "யம்மாடி. வந்துட்டு. ஏட்டி, வந்துட்டு. காலு சுடுது." அவள் அழுதாள். அந்த அழுகையில் ஒரு சொல்கூடப் புரியாத பிர்கித்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே ஒரு பெண் கயிற்றை இழுக்க, கடல் மலையெல்லாம் தாண்டி ஒரு மாடிமேல் உச்சிப்பொழுது திரும்பிப் போய் விழுந்திருக்கிறது. நாங்கள் அத்தனை பேரும் அதைக் காதால் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அதற்கப்புறம் வந்த நாட்கள் மோசம். அழகாகத் தியாகம் செய்துவிடலாம், அடுத்த நாள் காலையில் எழுந்திருக்க வேண்டுமே. சுகிர்தா எழுந்திருக்கவில்லை. பெட்டி மறுபடியும் அலமாரிமேலிருந்து இறங்கியது. நான் ரசம் வைத்துக்கொண்டு போய்க் கெஞ்சினேன், திட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்குத்தான் கீழே துணி துவைக்கப் போனவள் பலகையைப் பார்த்தேன். சூரியன் படத்தை அழித்துவிட்டு அங்கே "சுகிர்தா" என்று எழுதியிருந்தது. கீழே வெயிலுக்கு மாட்டியிருந்த அதே பூட்டுகள், அவரவர் நேரத்தில் அப்படியே தொங்கின.

பூட்டு மாட்டியவர்கள் நேரத்துக்கு வந்து கதவைத் தட்டினார்கள். வரமாட்டேன் என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பதிவு என்றால் பதிவு. பிர்கித்தா அவளுடைய கோட்டில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற வில்லைகளைக் குத்தி, கடைத்தெருவரை நடத்திக்கொண்டு போனாள். லென்னார்ட் ஏரிக்கரையில் ஒரு வார்த்தையும் பேசாமல் கூடவே நடந்தார், பனியில் எப்படிப் பாதத்தை ஊன்றினால் வழுக்காது என்பதைத் தன் காலைக் காட்டியே புரியவைத்தார். செலாம் குழந்தையை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சறுக்கு வண்டியை இழுத்தாள். இயற்பியல் ஆசிரியர் செவ்வாய்க்கிழமை தோறும் வந்து, பகல் பன்னிரண்டு மணிக்கு நட்சத்திரம் காட்டினார். நானும் இன்னொரு பூட்டு வாங்கி மாட்டினேன்.

இத்தனை வருஷம் அங்கே இருந்தும் நான் பார்க்காததை அப்போதுதான் பார்த்தேன். இருட்டு என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது ஒரே இருட்டில்லை. நடுப்பகலில் ஒரு நீலம் வரும், நம் ஊரில் எந்தச் சேலையிலும் இல்லாத நீலம். பனியிலும் மரத்திலும் மனுஷர் முகத்திலும் அது இறங்கி, கொஞ்ச நேரம் நின்று, வந்த சத்தம் தெரியாமல் போகும். சில நாள் வானத்தில் பச்சையாக ஒளி அசையும். முதல் தடவை அதைப் பார்த்தபோது சுகிர்தா நடுரோட்டில் நின்றுவிட்டாள், வாயிலிருந்து புகை மட்டும் வந்தது. "அம்மாகிட்ட சொன்னா நம்பமாட்டாங்கக்கா," என்றாள். மதிய ஆய்வகத்துக்குப் போக ஆரம்பித்தாள். பரீட்சையை எழுதினாள், தேறினாள்.

இதற்கு நடுவில் ஒரு நாள் தங்கபுஷ்பம் போனில் சொன்னாள்: "ஏட்டி, ஞாயித்துக்கெழம மாதா கோயிலுக்குப் போயிட்டு வந்தா நான் ஒண்ணும் காயப்போடுறது கெடையாது. அன்னிக்கு வெயிலு சும்மாதான கெடக்கு. அத எடுத்துக்கோயேன்." அதிலிருந்து ஞாயிறுதோறும் திரை ஏறியது. கட்டடமே அந்த அறையில் வந்து உட்கார்ந்தது. பூசை முடிந்து தங்கபுஷ்பமும் மாடி ஏறி வருவாள், வேலை எதுவும் இல்லாமல், பட்டுச்சேலை மடிப்பு தரையில் விசிறி மாதிரி விழ, மகள் பக்கத்தில் சும்மா நிற்பாள்.

ஜனவரி நடுவில் ஒரு ஞாயிறு. எனக்குக் காய்ச்சல். சுகிர்தாவின் கட்டிலில் போர்வையைப் போர்த்துக்கொண்டு, தூத்துக்குடி வெயிலில் தனியாகப் படுத்திருந்தேன். அங்கே சாயங்காலமாகிக்கொண்டிருந்தது, வெயில் மஞ்சளடித்து, நிழலெல்லாம் நீண்டிருந்தது. தங்கபுஷ்பத்தின் நிழல் கதவிலிருந்து கட்டில்வரை நீளமாக வந்து என்மேல் விழுந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது.

"கோகிலா, சுகிர்தா போன எடுக்க மாட்டேங்காளே. பக்கத்துல இருக்காளா?"

"இல்லீங்கம்மா. வெளிய போயிருக்கறா."

"இருட்டுலயா?"

"இருட்டுலதானுங்க. எல்லாரும் சேர்ந்து மலைக்குப் போயிருக்கறாங்க. இத்தன நாள் கழிச்சு இந்த ஊர்ச் சூரியன் இன்னைக்குத்தான் மொதல்ல தலை காட்டுதாமுங்க. அதப் பாக்கோணும்னு காலையிலயே கெளம்பிட்டா."

நிழல் காதில் கையை வைத்தபடி அசையாமல் நின்றது.

"ரொம்ப நேரம் இருக்குமா அந்தச் சூரியன்?"

"இல்லீங்க. சும்மா ஓரத்துல எட்டிப் பாத்துட்டு உடனே போயிருமாம்."

"அதுக்குப் போயி மலை ஏறிருக்காளா," என்றாள் தங்கபுஷ்பம். தரையில் தோள்கள் குலுங்கின. நிழலுக்கு முகம் கிடையாது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை. குரலில் இரண்டும் இருந்தது. "இங்க இம்புட்டு வெயில வெச்சுட்டு. சரி. பாக்கட்டும். அவ வந்தா நான் வந்து நின்னேன்னு சொல்லாத, என்ன? மனசு கஷ்டப்படுவா."

"சொல்லலீங்கம்மா."

"உன் குரலு என்ன ஒரு மாதிரி இருக்கு?"

"காய்ச்சலுங்க. இங்கதான், அவ கட்டில்ல, வெயில்ல படுத்திருக்கறேன்."

"அட பாவி, சொல்ல வேண்டாமா? நான் பாட்டுக்கு வெயில மறைச்சுக்கிட்டு நிக்கேன்."

நிழல் என் கால்மேலிருந்தும் போர்வைமேலிருந்தும் நகர்ந்து, சுவரோரமாகப் போய் ஒதுங்கி நின்றது. "இப்ப படுதா?" என்று கேட்டாள் தங்கபுஷ்பம்.

"படுதுங்கம்மா," என்றேன்.